சாட்சியும் எண்ணிக்கையும்: சமூகப் புத்தகக்குறி பற்றி ஒரு மதிப்பீடு

நூலை எழுதுவது ஒரு பணி. அந்நூல் எங்கே இருக்கிறது, யாருடையது, எதற்குப் பயன்படும் என்பதைப் பிறர் அறியும்படி குறித்து வைப்பது மற்றொரு பணி. முதற்பணி செய்தோரை அறிஞர் என்று போற்றுகிறோம். இரண்டாம் பணி செய்தோரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஆயினும் இரண்டாமவர் இல்லையேல் முதலாமவரின் உழைப்பில் பெரும்பகுதி நம் கைக்கு வந்து சேர்ந்திராது.

பக்தாதில் வாழ்ந்த இப்னுந் நதீம் இந்த இரண்டாம் பணியின் பெரும் முன்னோடி. நூல்களைப் படியெடுத்து விற்கும் 'வர்ராக்' தொழிலைச் சார்ந்தவர். ஹிஜ்ரி 377 இல் (கி.பி. 987) அவர் தொகுத்த 'அல்-ஃபிஹ்ரிஸ்த்', அரபு மொழியில் அந்நாள்வரை தாம் அறிந்த நூல்களைப் பத்துப் பகுதிகளாக வகுத்துப் பதிவு செய்கிறது. நூற்பெயரோடு ஆசிரியர் வரலாற்றையும் தருகிறது. ஒரு கவிஞரின் பாக்கள் இத்தனை ஏடுகள் என்று எழுதும்போது, தாம் ஏடு என்று சொல்வது பக்கத்திற்கு இருபது வரி கொண்ட ஏட்டையே என்று அளவையும் சொல்லிவிடுகிறார். தேடி வருபவர் ஏமாறிவிடக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. அவர் குறித்த நூல்களுள் பல இன்று இல்லை. அவற்றின் பெயர்கள் அவரது பட்டியலால் மட்டுமே எஞ்சியுள்ளன. நூல் அழிந்தும் குறிப்பு வாழ்ந்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இணையத்தில் தோன்றிய 'சமூகப் புத்தகக்குறி' என்னும் வழக்கத்தை இந்த அளவுகோலால் மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மாணவர் பயிற்சிக்கும் அது எதைத் தந்தது, எதைத் தரத் தவறியது, இன்று அதிலிருந்து நாம் எதை மீட்டெடுக்கலாம் என்பவை நம்முன் உள்ள கேள்விகள்.

தோற்றமும் வாக்குறுதியும்

ஓர் இணையப் பக்கத்தின் முகவரியைத் தம் கணினியில் குறித்து வைப்பது புத்தகக்குறி. அதனைப் பொதுவிடம் ஒன்றில் வைத்து, தாம் விரும்பிய குறிச்சொற்களை இட்டு, மற்றவரும் காண விடுவது சமூகப் புத்தகக்குறி. 2003 இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் என்னும் தளம் இம்முறையைப் பரவலாக்கியது. 2004 இல் ஆய்வாளர்களுக்கென்றே இரு தளங்கள் தோன்றின. ஒன்று ரிச்சர்ட் கேமரூன் உருவாக்கிய சைட்யூலைக். மற்றொன்று நேச்சர் இதழின் பதிப்பகம் நடத்திய கனோட்டியா. 2005 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 'பென்டேக்ஸ்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, இணையப் பக்கங்களையும் நூலக அட்டவணைப் பதிவுகளையும் ஒருசேரக் குறித்துக்கொள்ளத் தன் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் வழி செய்தது. படிப்போர் தாமே இடும் சொற்களால் உருவாகும் இவ்வகைப்பாட்டிற்கு தாமஸ் வாண்டர் வால் 2004 இல் 'ஃபோக்சானமி' என்று பெயரிட்டார். மக்கள் வகைப்பாடு என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

எண்ணம் இதற்கும் பழையது. 1945 இல் வானெவர் புஷ் என்னும் அமெரிக்க அறிவியலாளர், ஓர் ஆய்வாளர் நூலுக்கு நூல் சென்ற தடத்தையே பதிந்து, அத்தடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் கருவி ஒன்றைக் கற்பனை செய்து எழுதினார். முடிவை மட்டுமன்றி, முடிவுக்கு வந்த வழியையும் மாணவர் பெற வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. நல்ல ஆசிரியர்கள் என்றும் செய்துவந்ததும் அதுவே.

ஓர் ஊரை வைத்துப் பார்த்தல்

கோட்பாட்டை ஓர் ஊரில் நிறுத்திப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் வழியில் உள்ள திருமுருகன்பூண்டியை எடுத்துக்கொள்வோம். சுந்தரரின் தேவாரம் பெற்ற பழைய கோயில், கல்லில் சிலை வடிக்கும் கூடங்கள், பனியன் கம்பெனிகள் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்த ஊர். 2021 இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது. இவ்வூரைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் தம் வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுத விரும்புகிறார் என்று கொள்வோம். அவருக்கு வேண்டியவை எங்கே உள்ளன?

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றிப் பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் 1994 இல் எழுதிய ஆய்வுத்தாள், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளுள் ஒன்று. உழவுப் பின்னணியிலிருந்து வந்த தொழிலாளர் எவ்வாறு முதலாளிகளாயினர் என்பதை ஆராயும் ஷரத் சாரியின் 'ஃபிரட்டெர்னல் கேப்பிடல்' 2004 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீர்ட் டி நீவ், கிரேஸ் கார்ஸ்வெல் ஆகியோரின் கட்டுரைகள் அயல்நாட்டு ஆய்விதழ்களில் உள்ளன. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு கெடுத்த வரலாறு வழக்கு ஆவணங்களில் கிடக்கிறது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணை அவற்றுள் முதன்மையானது.

மேற்கூறிய ஆய்வுகள் யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவை. சில பணம் செலுத்தினாலன்றித் திறவா. தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில் உழைக்கும் மாணவி, தம் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களைப் பற்றி உலகம் எழுதியதை அறியாமலேயே பட்டம் பெற்றுவிட முடியும். இங்கே நூலுக்குப் பஞ்சமில்லை. நூலுக்குச் செல்லும் வழிக்கே பஞ்சம். முன்னே சென்ற ஒருவர் அவ்வழியைக் குறித்து, "இக்கட்டுரையின் மூன்றாம் பகுதி கூலியைப் பற்றியது, முதலில் அதைப் படியுங்கள்" என்று தமிழில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால், அது ஒரு வகுப்புக்கு நிகரான உதவி.

மக்கள் வகைப்பாட்டின் மெய்யான பெருமையும் இங்கேதான் விளங்குகிறது. நூலக அட்டவணை இத்தொழிலைப் 'பின்னலாடை உற்பத்தி' என்று பதியும். ஊர்மக்கள் 'பவர் டேபிள்', 'செக்கிங்', 'பீஸ் ரேட்', 'சாயப்பட்டறை' என்று பேசுவர். அட்டவணையில் இடம் பெறாத இச்சொற்களை ஒரு மாணவி குறிச்சொல்லாக இடும்போது, தொழிலாளரின் மொழி ஆய்வுலகின் வாயிலாகிறது. இவ்வளவு எளிதாக இதனைச் செய்யும் வேறு வழி அந்நாளில் இருந்ததில்லை.

எண்ணிக்கை சாட்சியாகாது

எனினும் இவ்வழக்கத்தின் உள்ளேயே ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஒரு பக்கத்தை எத்தனை பேர் குறித்துள்ளனர் என்ற எண்ணை டெலிஷியஸ் அப்பக்கத்தின் அருகிலேயே காட்டியது. தமிழில் தமிழிஷ் என்று தொடங்கிப் பின்னர் இன்ட்லி எனப் பெயர் மாறிய தளமும் வாசகர் வாக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டே பக்கங்களை முன்னிறுத்தியது. பலர் குறித்தது மேலே வந்தது. மேலே வந்ததை மேலும் பலர் குறித்தனர். படித்துக் குறித்தவர், படிக்கலாமென்று குறித்தவர், பிறர் குறித்ததைக் கண்டு குறித்தவர் ஆகிய மூவரையும் அந்த எண் ஒன்றாகவே கணக்கிட்டது.

இதன் விளைவை அறியத் திருப்பூரிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். அந்நகரின் பின்னலாடைத் தொழிலின் தொடக்கமாகப் பலர் குறிப்பது, குலாம் காதர் என்னும் முஸ்லிம் தொழில்முனைவர் 1925 ஆம் ஆண்டளவில் நிறுவிய பேபி நிட்டிங் என்னும் கூடத்தை. நம் வாசகர்க்கு மகிழ்வூட்டும் செய்தி இது. ஆதலால் விரைந்து பகிரப்படும் செய்தியும் கூட. ஆனால் இதைச் சொல்லும் பக்கங்கள் பலவும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தையே திருப்பி எழுதுகின்றன. எங்கிருந்து பெற்றோம் என்று சொல்வதில்லை. அவற்றை ஒருவர் தொகுத்துப் புத்தகக்குறியிட்டால் பத்துச் சான்றுகள் இருப்பதாகத் தோன்றும். ஒன்றைப் பார்த்து ஒன்பது எழுதப்பட்டிருந்தால், உண்மையில் இருப்பது ஒரே சான்று.

நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் இவ்வேறுபாட்டை மிக நுட்பமாக வரையறுத்துள்ளனர். ஒரு செய்தி 'முதவாதிர்' என்னும் தகுதி பெற, இறுதியில் பலர் அதைச் சொல்வது போதாது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒவ்வொரு தலைமுறையிலும் பலர், தம்முள் கூடிப் பேசிப் பொய்யுரைத்திருக்க இயலாத அளவில், அதை அறிவித்திருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருவரே அறிவித்த செய்தி பின்னர் ஆயிரம் நாவுகளில் பரவினாலும் அவ்வகையில் சேராது. அது நம்பத்தக்கதா என்பது அந்த ஒருவரையும், அவருக்குப் பின் வந்த அறிவிப்பாளர் வரிசையையும் ஆராய்ந்த பின்னரே முடிவாகும். பரவலும் சான்றும் வெவ்வேறு என்ற இந்தப் பாடத்தைச் சமூகப் புத்தகக்குறி கற்பிக்கவில்லை. மாறாக, இரண்டையும் ஒன்றெனக் காட்டிற்று. குலாம் காதரின் பெயரை மதிப்பவர் செய்ய வேண்டியது அச்செய்தியை இன்னொரு முறை பகிர்வதன்று. பதிவேடுகளையும் பழைய வணிக ஆவணங்களையும் முதியோர் வாய்மொழியையும் தேடி இரண்டாவது, மூன்றாவது சாட்சியைக் கொணர்வதே.

'கண்டெடுத்தேன்' என்னும் சொல்

இதே கலையில் இன்னொரு நெறியும் நமக்குப் பயன்படும். ஹிஜ்ரி 643 இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ், அறிவைப் பெற்றுப் பிறருக்கு அறிவிக்கும் முறைகளை எட்டாக வகுத்தார். ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்பது முதலாவது. எட்டாவதும் இறுதியானதும் 'விஜாதா'. ஆசிரியரிடம் கேளாமல், அவர் எழுதியதை ஒரு ஏட்டில் கண்டெடுப்பது அது. இவ்வாறு பெற்றவர் "இன்னார் எனக்கு அறிவித்தார்" என்று சொல்லலாகாது; "இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்" என்றே சொல்ல வேண்டும். கையெழுத்து அவருடையதுதானா என்ற உறுதி இல்லையெனில் அதையும் சொற்களால் உணர்த்த வேண்டும்.

இணையத்தில் நாம் பெறுவதில் பெரும்பகுதி விஜாதாவே. அது குற்றமன்று, குற்றம், கண்டெடுத்ததைக் கற்றதாகக் காட்டுவதில் உள்ளது. ஆய்வேட்டின் இறுதியில் நாற்பது முகவரிகளை அடுக்கும் மாணவர் அந்நாற்பதையும் படித்ததாக உரிமை கொண்டாடுகிறார். நல்ல புத்தகக்குறி அப்படி உரிமை கொண்டாடாது. "இப்பக்கத்தைக் கண்டேன், முதற்பகுதியை மட்டும் படித்தேன், இன்ன நூலை ஆதாரமாகக் காட்டுகிறது, அந்நூலை நான் பார்க்கவில்லை" என்று அது சொல்லும். இந்நான்கு செய்திகளையும் எழுத ஒரு குறிப்புப் பெட்டி அத்தளங்களில் இருந்தது. அதை வெறுமையாக விட்டுச் செல்லவும் அவை இடம் தந்தன. விரைவை விரும்பியவர் விட்டுச் சென்றனர். கருவி தந்ததற்கும் கைப்பழக்கம் பெற்றதற்கும் இடையிலான தொலைவு அதுவே.

பெயர் சிதறும் இடம்

தமிழில் குறிச்சொல் இடுவோர்க்குத் தனியான இடர்களும் நேர்ந்தன. டெலிஷியஸ் தளத்தில் நெடுங்காலம் இடைவெளியே ஒரு குறிச்சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்தது. ஆதலால் 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்' என்று ஒருவர் இட்டால், அது மூன்று தனிச் சொற்களாகச் சிதறி, 'இஸ்லாமியத்' என்று ஒற்றோடு தொங்கும் ஒரு குறிச்சொல்லையும் உண்டாக்கியது. தமிழ் எழுத்துருக் குறியாக்கங்கள் திஸ்கி, தாப், தாம், ஒருங்குறி எனப் பலவாக இருந்த காலமும் அதுவே. ஒன்றில் எழுதிய சொல்லை மற்றொன்றில் தேடினால் கிடைக்காது. 2010 இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னரே இக்குழப்பம் குறையத் தொடங்கியது.

குறியாக்கம் ஒன்றானாலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாகவில்லை. முஹம்மது, முகம்மது, முகமது, உமறுப்புலவர், உமருப்புலவர், அரபுத்தமிழ், அறபுத்தமிழ், அர்வி, இஸ்லாம், இசுலாம். ஒவ்வொன்றையும் வெவ்வேறு பொருளாகவே கணினி கொள்ளும். சீறாப்புராணம் பற்றிச் சென்னையில் ஒருவரும் கொழும்பில் ஒருவரும் குறித்து வைத்தவை ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. மக்கள் வகைப்பாட்டின் உரிமையைப் பறிக்காமலேயே இதற்குத் தீர்வு காணலாம். அவரவர் சொல்லோடு, அனைவரும் ஒப்புக்கொண்ட ஒரு பொதுச் சொல்லையும் சேர்த்திடுவது போதும். நூலகர்கள் நெடுங்காலமாகப் பேணும் ஒழுங்கு அது. அதைப் பழமை என்று தள்ளியது புதுமையின் அவசரம்.

யாருடைய பெட்டகம்?

மிகப் பெரிய குறை இனிச் சொல்லப்போவது. டெலிஷியஸ் 2005 இல் யாஹூவுக்கு விற்கப்பட்டது. 2011 இல் மீண்டும் கைமாறியது. 2017 இல் பின்போர்டு என்னும் போட்டித் தளத்தால் வாங்கப்பட்டுப் புதிய குறிகளை ஏற்காத நிலைக்கு வந்தது. கனோட்டியா 2013 மார்ச்சில் மூடப்பட்டது. சைட்யூலைக் 2019 மார்ச்சில் மூடப்பட்டது. அவற்றில் குறிக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் இதழ்களிலும் நூலகங்களிலும் இன்றும் உள்ளன. ஆனால் உரிய காலத்தில் தம் குறிப்புகளைப் படியெடுத்துக்கொள்ளாதவர்கள் அவற்றை இழந்தனர். இப்னுந் நதீம் காலத்தில் நூல் அழிந்து குறிப்பு வாழ்ந்தது. நம் காலத்தில் நூல் வாழக் குறிப்பு அழிந்தது.

குறிக்கப்பட்ட பக்கங்களும் நிலைத்தவை அல்ல. தொடக்க காலத் தமிழ்ப் பக்கங்கள் சிலவற்றுக்கும் இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009 இல் மூடப்பட்டது. ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய முகவரிகளுள் பாதி, முதலில் சுட்டிய செய்தியைத் தரவில்லை என்று காட்டியது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் சான்றுகளுக்கே இந்நிலை என்றால், மாணவரின் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாம் குறை காண்பது புத்தகக்குறியை அன்று; அதைப் பிறர் கடையில் வைத்துவிட்டுச் சாவியைக் கேளாமல் வந்ததையே. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையம் 2006 இல் வெளியிட்ட சொட்டேரோ, குறிப்புகளைப் பயனரின் கணினியிலேயே சேமிக்கிறது, விலையின்றிக் கிடைக்கிறது, குழுவாகப் பயன்படுத்தவும், எல்லாவற்றையும் படியெடுத்து வெளியேறவும் இடமளிக்கிறது. எந்தக் கருவியை ஏற்கும் முன்னும் "இதிலிருந்து எவ்வாறு வெளியேறுவது?" என்று கேட்பது அறிவுடைமை.

வகுப்பறையில் செய்யத்தக்கது

2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினிகளை வழங்கியது. ஏழை வீடுகளுக்குள் கருவி நுழைந்தது பெரிய செயலே. கருவியோடு குறித்து வைக்கும் ஒழுக்கமும் நுழைந்ததா என்பது வேறு கேள்வி. இன்று மாணவரிடையே சுட்டிகள் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகின்றன. காலையில் வந்தது மாலைக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் புதைகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ கேட்ட மாத்திரத்தில் விடை தருகின்றன. அவ்விடை யாரிடமிருந்து வந்தது என்பதைப் பல நேரங்களில் தருவதில்லை. சில நேரங்களில் இல்லாத நூலையே ஆதாரமாகக் காட்டுகின்றன. வழியைக் குறித்து வைக்கும் பழக்கம் முன்னெப்போதையும் விட இப்போது தேவைப்படுவது இதனால்தான்.

திருமுருகன்பூண்டியில் ஓர் ஆசிரியர் இருபது மாணவரைக் கொண்டு இதனைத் தொடங்கிவிட முடியும். ஒவ்வொருவரும் ஒரு பருவத்திற்குப் பத்துக் குறிகளுக்கு மேல் இட வேண்டாம். ஒவ்வொரு குறியிலும் நான்கு செய்திகள் இருக்கட்டும்: யார் சொன்னது, எங்கிருந்து பெற்றார், எவ்வளவு படித்தோம், யாருக்குப் பயன்படும். பொதுக் குறிச்சொல் ஒன்றும் ஊர்ச்சொல் ஒன்றும் இடம் பெறட்டும். பக்கத்தின் படி ஒன்று கல்லூரிக் கணினியிலும் இருக்கட்டும். மதிப்பெண், குறிகளின் எண்ணிக்கைக்கு அன்று, குறிப்பின் நேர்மைக்கு வழங்கப்படட்டும். சக மாணவரின் குறியைத் திறந்து பார்த்து, "இது அந்நூலில் இல்லை" என்று கண்டு சொல்பவர்க்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். ஐந்து ஆண்டுகளில், தம் ஊரைப் பற்றி உலகம் எழுதியதற்குத் தமிழில் ஒரு வழிகாட்டி அம்மாணவர் கையாலேயே உருவாகியிருக்கும். இணையத்தில் இல்லாதவற்றை, சிற்பிகளின் சொற்களையும் பவர் டேபிள் தொழிலாளரின் நினைவுகளையும், அதில் சேர்க்கும் துணிவும் அவர்களுக்கு வந்திருக்கும்.

இஸ்லாமியத் தமிழ் ஆய்வுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. ம. மு. உவைஸ் 1953 இல் வெளிவந்த தம் ஆங்கில நூல் முதல், பின்னாளில் பீ. மு. அஜ்மல்கானோடு இணைந்து எழுதிய இலக்கிய வரலாற்றுத் தொகுதிகள் வரை, சிதறிக் கிடந்த நூல்களைத் தேடிக் குறிப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். மதுரைத் திட்டம், நூலகம் அறக்கட்டளை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியன இன்று பல்லாயிரம் பக்கங்களைத் திறந்து வைத்துள்ளன. உவைஸ் நடந்து தேடியவற்றுள் சில இப்போது வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. எந்நூல் எங்குள்ளது, எப்பதிப்பு முழுமையானது, எதில் பக்கங்கள் குறைகின்றன என்று சொல்லும் கூட்டுக் குறிப்பே நமக்கு வேண்டுவது. ஒரு தனிமனிதர் தம் கால்களால் செய்ததை ஒரு தலைமுறை தன் விரல்களால் தொடர முடியும். அதற்கு விரைவு தேவையில்லை. பத்துப் பேர் கண்டதைக் கண்டபடியே, காணாததைக் காணவில்லை என்றே எழுதினால் போதும்.